நெருஞ்சி

முத்துக்குளித்துறை எனப் பன்னூறாண்டுகளாகப் பெயர் பெற்று விளங்கிய தூத்துக்குடிக் கடற்கரையை அறியாத தமிழர் இலர். கொற்கை முத்தின் சிறப்பைப் பழந்தமிழ்ப் புலவர் பலரும் பாடியுள்ளனர். முத்தினைப் பெற விரும்புவோர் ஆழ்கடலில் மூச்சடக்கி மூழ்குதல் வேண்டும். அவ்வாறு மூழ்கி எடுத்த பெரிய முத்துக்குளிப்பும் தூத்துக்குடியில் 1961ஆம் ஆண்டோடு நின்றது. ஆயினும், அக்கரையின் மணற்பரப்பில், மூழ்காமலும் முயலாமலும் எவரும் காணத்தக்க சிறு பொன்மலர் ஒன்று இன்றும் ஆண்டுதோறும் பூத்துக் கிடக்கிறது. குனிந்து நோக்குவார்க்கு அது கண்ணுக்கு விருந்து. நோக்காது நடப்பார்க்கோ காலுக்குத் துன்பம். அதுவே நெருஞ்சி. நம்மில் பெரும்பாலோர் அதனைக் கண்ணால் அறிவதில்லை; காலால் அறிகிறோம்.

மாணவர்களே! இச்சிறு செடியின் வாழ்க்கை எத்தகையது, அது பரவும் வழி யாது, அதனை அடக்கும் முறை யாது என்பனவற்றை இப்பாடத்தில் காண்போம்.

புலவர் கண்ட நெருஞ்சி

நெருஞ்சியைச் சங்கப் புலவர் நன்கு அறிந்திருந்தனர். குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லையார் இதனை ஓர் அரிய உவமையாக்கினார். முன்பு கண்ணுக்கு இனிதாகத் தோன்றிய நெருஞ்சிப் புதுமலர் பின்பு முள்ளைப் பயப்பது போல, முன்பு இனியவராயிருந்த தலைவர் பின்பு இன்னாதவர் ஆயினார் என்று தலைவி நெஞ்சு நொந்து கூறுவதாக அப்பாட்டு அமைந்துள்ளது. புறநானூற்றில் மோசிகீரனார், எழுகின்ற கதிரவனை எதிர்கொண்டு நிற்கும் நெருஞ்சிப் பூவை, வள்ளலாகிய கொண்கானங் கிழானை நோக்கி ஏந்திய இரவலரின் கலத்திற்கு ஒப்பிட்டார்.

இவ்விரு பாட்டும் செடியை அருகிருந்து நோக்கியவர் பாடியவை. பூ முன்னும் முள் பின்னுமாக வருகின்ற முறையை ஒருவர் கண்டார். பூ காலைக் கதிரை எதிர்கொள்ளும் இயல்பை மற்றொருவர் கண்டார். இவற்றுள் முன்னது வெறும் உவமை அன்று. இச்செடியை வெல்லும் வழியே அதனுள் அடங்கியுள்ளது. அஃது எவ்வாறென்பது பின்னர் விளங்கும்.

செடியின் அமைப்பு

நெருஞ்சி நிலத்தின்மேல் படர்ந்து வளரும் பூண்டு வகையைச் சார்ந்தது. ஆணிவேர் ஒன்று நேரே கீழ்நோக்கி ஆழச் செல்லும். அவ்வேரின் தலையிலிருந்து தண்டுகள் பல, வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல, நாற்புறமும் மண்ணோடு ஒட்டிப் பரவும். தண்டிலும் இலையிலும் மெல்லிய மயிர்கள் காணப்படும். இலைகள் எதிரெதிராக அமைந்து, ஒவ்வோர் இலையும் புளியிலை போன்று இருவரிசையில் சிற்றிலைகளை உடையதாயிருக்கும். ஒவ்வொரு கணுவிலும் உள்ள இரண்டு இலைகளில் ஒன்று பெரிதும் மற்றொன்று சிறிதுமாக இருத்தல் நோக்கத்தக்கது.

இலைக்கக்கத்தில் மலர் தனித்துத் தோன்றும். அதற்கு மஞ்சள் நிற இதழ்கள் ஐந்தும், மகரந்தத் தாள்கள் பத்தும் உண்டு. காலையில் விரியும் பூ நெடுநேரம் நில்லாது அன்றே வாடத் தொடங்கும். தேனீ முதலிய பூச்சிகள் வந்தாலும் வாராவிடினும் அதற்குக் குறையில்லை. தன் மகரந்தத்தைத் தானே ஏற்றுக் காய்க்கவும் அது வல்லது. ஆதலின், ஆளரவமற்ற மணல்வெளியில் ஒரே ஒரு செடி முளைத்தாலும், அவ்வொன்றே ஓர் ஊருக்கு வேண்டிய முள்ளை உண்டாக்கிவிடும்.

சுவீடன் நாட்டுத் தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் 1753ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இதற்கு ‘ட்ரிபுலஸ் டெரஸ்ட்ரிஸ்’ என்று பெயரிட்டார். பகைவரின் குதிரைகள் வரும் வழியில் தூவிவைக்கும் இருப்பு முள்ளுக்கு மேலைநாட்டார் வழங்கிய பெயரே செடிக்கும் பெயராயிற்று. அவ்விருப்பு முள்ளை எவ்வாறு எறியினும் அதன் ஒரு முனை மேல்நோக்கியே நிற்கும். நெருஞ்சி முள்ளின் இயல்பும் அதுவே.

இதனோடு பெயரால் ஒத்து, இனத்தால் வேறுபட்ட செடி ஒன்றும் இக்கரையில் உண்டு. அதனைப் பெருநெருஞ்சில் அல்லது யானை நெருஞ்சில் என்பர். அது நெருஞ்சிக் குடும்பத்தைச் சேராது, எள்ளின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதன் பசிய இலையையும் தண்டையும் நீரிலிட்டுக் கலக்கினால், சிறிது நேரத்தில் நீர் முட்டையின் வெண்கரு போலக் குழகுழப்பாகிவிடும். அதன் காய் நாற்கோணமாய், கோணந்தோறும் ஒரு முள் உடையதாயிருக்கும். முட்கள் நிறைந்த ஒருவகைக் கடற்சங்கின் பெயராகிய ‘மியூரெக்ஸ்’ என்பதையே அறிஞர் அச்செடிக்கும் சூட்டினர். சங்கு குளிக்கும் துறையில் சங்கின் பெயர் பூண்ட செடி வளர்வது பொருத்தமேயன்றோ?

முள்ளும் விதையும்

நெருஞ்சியின் கனி முற்றியதும் ஐந்து துண்டுகளாகப் பிரிந்து விழும். ஒவ்வொரு துண்டும் கல்போல் வலியது. இரண்டு நெடிய முட்களும் இரண்டு குறு முட்களும் உடையது. நாம் நெருஞ்சி முள் என்று கூறுவது இத்துண்டினையே. அது வெறும் முள் அன்று. விதைகளைத் தன்னுள் பொதிந்து வைத்த பேழை. ஒவ்வொரு பேழையிலும் இரண்டு முதல் நான்கு விதைகள் வரை இருக்கும்.

செடிக்குக் கால் இல்லை. ஆதலின் அது பிறர் காலைக் கடன் வாங்குகிறது. ஆட்டின் குளம்பிடையிலும், மனிதரின் செருப்பிலும், மிதிவண்டியின் சக்கரத்திலும் முள் தைத்து, ஓரிடம் விட்டு வேறிடம் சேர்கிறது. நாம் வலி தாங்காது காலைத் தூக்கி, முள்ளைப் பிடுங்கி எறிகின்றோம் அல்லமோ? அப்போதே, நம்மை அறியாமல், அச்செடிக்கு விதைக்கும் தொழிலைச் செய்து முடிக்கின்றோம்.

இனி, அவ்விதைகள் முளைக்கும் முறையில் உள்ள நுட்பம் வியப்புக்குரியது. ஒரே பேழையிலுள்ள விதைகள் யாவும் ஒருங்கே முளைப்பதில்லை. அவற்றுள் பெரிய விதை முதலில் முளைக்கும். ஏனையவை உறங்கிக் கிடந்து, பின்னொரு மழையிலோ பின்னோர் ஆண்டிலோ முளைக்கும். முதல் மழை பொய்த்து முதல் முளை கருகினாலும் குடி அழியாது. சிக்கனமுள்ள இல்லத்தலைவி ஒருத்தி, கிடைத்ததனைத்தையும் ஒரே நாளில் செலவிடாது, மறுநாளைக்கெனச் சிறிது எடுத்து வைப்பதை ஒக்கும் இது. மழை குறைந்த நாட்டிற்கு ஏற்ற வாழ்க்கை முறை இதனினும் வேறு யாது?

தூத்துக்குடிப் பகுதியில் மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவக்காற்றால் ஐப்பசி, கார்த்திகைத் திங்கள்களில் பெய்வது. அம்மழையில் நெருஞ்சி முளைக்கும். முளைத்த சில கிழமைகளுக்குள் பூக்கும். பூத்தபின் இரண்டு கிழமை அளவில் காய் முற்றும். வெயில் மிகுந்த காலத்தும் அது வாடாமைக்குக் காரணம் இரண்டு. ஆழ்ந்து செல்லும் வேர் ஒன்று. சோளமும் கரும்பும் போல, கடும் வெயிலில் குறைந்த நீரைக் கொண்டு உணவு சமைக்கும் திறன் மற்றொன்று. செழித்து வளர்ந்த ஒரு செடி ஆயிரக்கணக்கான விதைகளை உண்டாக்க வல்லது.

நான் கற்ற பாடம்

இவையெல்லாம் நான் இளமையிலேயே அறிந்தவை என்று எண்ணிவிடாதீர்கள். தூத்துக்குடிக்குத் தெற்கே கடலோரச் சிற்றூர் ஒன்றில் நான் தமிழாசிரியனாகப் பணிபுரிந்த காலத்தில், பள்ளியின் விளையாட்டுத் திடல் முழுவதும் நெருஞ்சி படர்ந்திருந்தது. மாணவரிற் பலர் செருப்பு அணியாதவர். ஒரு நாள் ஓட்டப் பயிற்சியின்போது உப்பளத் தொழிலாளி ஒருவரின் மகன் குதிகாலில் முள் தைத்தது. பிடுங்கியபோது முனை ஒடிந்து உள்ளேயே நின்றுவிட்டது. புண் சீழ் பிடித்து, மருத்துவரிடம் கீறி எடுக்க நேர்ந்தது. அச்சிறுவன் இரண்டு கிழமை பள்ளிக்கு வரவில்லை. அவன் ஓடுவதற்கென்று ஆண்டு முழுவதும் காத்திருந்த போட்டியும் அவனின்றியே நடந்து முடிந்தது.

எனக்குச் சினம் பொங்கியது. மறுநாளே மாணவரை அழைத்துத் திடலிலுள்ள நெருஞ்சி முழுவதையும் பிடுங்கச் செய்தேன். அது தைத் திங்கள். காய்கள் நன்கு முற்றிக் காய்ந்திருந்தன. பிடுங்கிய செடிகளைக் குவியலாகக் கட்டி, திடலின் நடுவேயிருந்து வேலியோரம் வரை இழுத்துச் சென்று போட்டோம். திடல் வெறுந்தரையாயிற்று. பெரிய செயல் செய்துவிட்டதாக நானும் மகிழ்ந்தேன்.

அடுத்த ஐப்பசியில் மழை பெய்தது. திடலின் நடுவிலிருந்து வேலிவரை, நாங்கள் குவியலை இழுத்துச் சென்ற தடமெங்கும், பச்சைப் பாய் விரித்தாற்போல நெருஞ்சி முளைத்து நின்றது. அவ்வழியே ஆடுகளை ஓட்டி வந்த மூதாட்டி ஒருவர் அதனைக் கண்டு நகைத்தார். “வாத்தியார் ஐயா, போன தையில் நீங்கள் களை எடுக்கவில்லை; விதை தெளித்தீர்கள். நெருஞ்சியைப் பூவிலே பிடுங்க வேண்டும், முள்ளிலே பிடுங்கினால் அது உங்களைப் பிடுங்கும்” என்றார்.

நான் நாணித் தலைகுனிந்தேன். பூ முன், முள் பின் என்னும் முறையை அள்ளூர் நன்முல்லையார் பாட்டின் வாயிலாக அதற்கு முன் எத்தனையோ முறை மாணவர்க்கு விளக்கியவன் நான். பாட்டின் சொற்பொருள் கூறினேன். உவமை நயம் பாராட்டினேன். ஆயின் திடலில் நின்ற செடியை ஒரு முறையேனும் குனிந்து பார்த்தேனல்லேன். எழுத்தறியாத அம்மூதாட்டியோ பாட்டை அறியாமலே அதன் பொருளை அறிந்திருந்தார்.

அடக்கும் முறைகள்

அம்மூதாட்டியின் சொல்லையே தொடக்கமாகக் கொண்டு நாங்கள் பின்னர்க் கையாண்ட முறைகள் இவை.

முதலாவது, பருவம் அறிதல். மழைக்குப்பின் இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை திடலைச் சுற்றி வந்து, முளைத்த செடிகளைக் காய் தோன்றுமுன் களைந்தோம். ஈர மண்ணில் வேர் எளிதில் வரும். வராத இடத்தில் களைக்கொத்தினால் வேரின் தலைக்குக் கீழே அறுத்தோம். தண்டை மட்டும் அறுத்தால் வேர்த்தலையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். செடி நிலத்தோடு ஒட்டிப் படர்வதால் மேலாக அறுப்பதனாலும் பயனில்லை.

இரண்டாவது, உதிர்ந்த முள்ளைத் திரட்டுதல். பழைய கோணிச் சாக்குகளை நனைத்துத் தரையில் விரித்து, அவற்றின்மேல் மிதித்து, பின் மெல்ல இழுத்தோம். முட்கள் சாக்கில் பற்றிக்கொண்டன. செடி நம் காலைப் பற்றும் வலிமையையே அதனைப் பிடிக்கும் வலையாக்கினோம். திரட்டிய முள்ளை ஆசிரியர் முன்னிலையில் குழியிலிட்டு எரித்தோம்.

மூன்றாவது, வெறுந்தரையை விடாதிருத்தல். நெருஞ்சி திறந்த நிலத்தையும் வெயிலையும் விரும்புவது. நிழலில் அது தழைக்காது. ஆதலின் திடலின் ஓரங்களில் அறுகம்புல்லை வளர்த்து, வேலியோரம் வேம்பும் பூவரசும் நட்டோம்.

நான்காவது, பொறுமை. உறங்கும் விதைகள் மண்ணுள் இருத்தலின் ஓராண்டு முயற்சி போதாது. முதலாண்டு நூற்றுக்கணக்கில் முளைத்தவை இரண்டாம் ஆண்டில் குறைந்தன. மூன்றாம் ஆண்டில் விரல்விட்டு எண்ணும் அளவே கண்டோம். அதன் பின்னரும் மழைதோறும் சுற்றிவருவதை நிறுத்தவில்லை. அவ்வாண்டு ஓட்டப் போட்டியில் மாணவர் அனைவரும் வெறுங்காலோடு அச்சமின்றி ஓடினர்.

கரிசல் நிலத்து உழவரும் இம்முறையையே வேறு வகையில் கைக்கொள்வர். உளுந்து, கம்பு, சோளம் முதலியவற்றின் ஊடே முளைத்த நெருஞ்சியை முதற்களையிலேயே எடுத்துவிடுவர். கதிரடிக்கும் களத்தையும் அதற்குச் செல்லும் வழியையும் தூய்மையாக வைப்பர். களத்தில் ஒரு முள் கிடந்தால் அது தவசத்தோடு கலந்து அடுத்த விதைப்பில் வயலுக்கே திரும்பும் அன்றோ?

கடல் கடந்த நெருஞ்சி

நெருஞ்சி நம் நாட்டுக்கும், மத்தியதரைக் கடலைச் சூழ்ந்த நாடுகள் முதலிய வெப்ப நிலங்களுக்கும் உரியது. வணிகமும் கால்நடைப் போக்குவரத்தும் பெருகியபோது அது அமெரிக்காவுக்கும் சென்றது. அங்கே இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிபோர்னியாப் பகுதியில் காணப்பட்டு, இருப்புப்பாதை வழியாகவும் நெடுஞ்சாலை வழியாகவும் விரைந்து பரவியது. உருளிப்பட்டைகளைத் துளைப்பதால் அதற்கு அந்நாட்டார் ‘துளைக்கொடி’ என்னும் பொருள்பட ஒரு பெயரும் இட்டனர்.

பிறந்த நிலத்தினும் புகுந்த நிலத்தில் அது மிகுந்து பரவியது ஏன்? பிறந்த நிலத்தில் அதற்குப் பகைவர் உண்டு. கூன்வண்டு இனத்தைச் சேர்ந்த சிறு வண்டுகள் இரண்டு நெருஞ்சியை உண்டே வாழ்கின்றன. ஒன்றன் புழு காயைத் துளைத்து விதையைத் தின்னும். மற்றொன்றன் புழு தண்டையும் வேர்த்தலையையும் குடையும். இவ்வண்டுகள் இந்தியாவிலும் தென் ஐரோப்பாவிலும் இயல்பாக வாழ்பவை. அமெரிக்காவில் இவை இல்லை; ஆதலின் செடி தடையின்றிப் பெருகியது. இவ்வுண்மையை உணர்ந்த அறிஞர், பிற பயிர்களுக்குத் தீங்கு செய்யாமையை ஆராய்ந்து தெளிந்தபின், 1961ஆம் ஆண்டில் இத்தாலியிலிருந்து அவ்வண்டுகளைக் கொணர்ந்து அமெரிக்காவில் விட்டனர். வெப்பமான இடங்களிலும், ஹவாய்த் தீவுகளிலும் அவை நன்கு பயன்பட்டன. குளிர் மிகுந்த இடங்களில் வண்டுகள் மடிந்தமையால் பயன் குறைந்தது.

இதனால் நாம் அறிவது யாது? நம் வேலியோரத்தில் நெருஞ்சிக் காயைக் குடையும் சிறு வண்டும் நமக்காக உழைக்கின்றது. கண்மூடித்தனமாகப் பூச்சிமருந்து தெளித்தால் முதலில் மடிவது களை அன்று, களையின் பகையே.

பகையும் மருந்தும்

நெருஞ்சியை முற்றும் தீயதென்று கருதுதலும் தவறு. சித்த மருத்துவத்தில் நெருஞ்சில் சிறுநீர் பற்றிய நோய்களுக்குப் பயன்படும் மருந்துப் பொருள். கண்டங்கத்திரி, சிறுவழுதுணை, சிறுமல்லி, பெருமல்லி, நெருஞ்சி என்னும் ஐந்தின் வேர்களும் சேர்ந்ததே சிறுபஞ்சமூலம். அப்பெயரையே தன் பெயராகக் கொண்ட நீதிநூலைக் காரியாசான் இயற்றினார். ஆயினும், மருந்தென்று கேட்டவுடன் தாமே பறித்து உண்ணல் ஆகாது. தென்னாப்பிரிக்காவின் கரூ என்னும் வறண்ட நிலத்தில் வாடிய நெருஞ்சியை மிகுதியாக மேய்ந்த செம்மறியாடுகள் ஈரல் கெட்டு, வெயில் தாங்காது, முகம் வீங்கி மடிவதுண்டு. அச்செடியிலுள்ள சப்போனின் என்னும் பொருளே அதற்குக் காரணமென ஆய்வாளர் கூறுவர். அளவும் முறையும் அறிந்த மருத்துவர் கையில் மருந்தாவது அறியாதார் கையில் நஞ்சாகும்.

முடிவுரை

நெருஞ்சி வேற்று நாட்டிலிருந்து வந்து நம் நிலத்தைக் கவர்ந்த சீமைக்கருவேலம் போன்றதன்று. இந்நிலத்திலேயே பிறந்து வாழ்வது. மக்கள் நடவாத மணல்மேட்டில் அது பூத்துத் தேனீக்கு உணவளித்துக் கிடக்கட்டும். அதனால் எவர்க்கும் தீங்கில்லை. பள்ளித் திடலிலும், ஒற்றையடிப் பாதையிலும், கதிரடிக்கும் களத்திலும் மட்டும் அதனைப் பூவின் பருவத்திலேயே களைதல் நம் கடமை. முள் தைத்த காலுக்கு மருந்திடுவதோடு அமையாது, பின்வருவார் காலிலும் அது தையாதவாறு எடுத்து அகற்றுதலே அறிவுடையார் செயல்.

பாட்டில் பூத்த நெருஞ்சியைப் பாதையிலும் கண்டறியுங்கள். கற்ற கல்வி நிலத்தில் நின்று பயன்படும்போதே நிறைவு பெறுகின்றது.

பயிற்சி வினாக்கள்

1. நெருஞ்சிப் பூவைப் பற்றிச் சங்கப் புலவர் இருவர் கூறிய உவமைகளை விளக்குக.
2. நெருஞ்சி விதைகள் ஒருங்கே முளையாமையால் அச்செடிக்கு உண்டாகும் நன்மை யாது?
3. “களை எடுக்கவில்லை, விதை தெளித்தீர்கள்” – இக்கூற்றை இடஞ்சுட்டிப் பொருள் விளக்குக.
4. நெருஞ்சியை அடக்கும் முறைகள் நான்கினையும் தொகுத்து எழுதுக.
5. பிறந்த நாட்டினும் அமெரிக்காவில் நெருஞ்சி மிகுந்து பரவியமைக்குக் காரணம் யாது? அதற்கு அறிஞர் கண்ட வழி யாது?
6. சிறுநெருஞ்சில், பெருநெருஞ்சில் ஆகிய இரண்டிற்கும் உள்ள வேற்றுமைகளைக் கூறுக.

செய்து காண்க: உங்கள் பள்ளித் திடலில் உள்ள நெருஞ்சிச் செடி ஒன்றைத் தெரிந்துகொண்டு, அது பூக்கும் நாளையும் காய் முற்றும் நாளையும் குறித்து வருக. முள் உதிருமுன் அதனை வேரோடு களைந்து விடுக.